வீட்டுக்கொரு கீரைப்பாத்தி

2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னைப் பட்டணத்தில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாய்க்கு மேல் விற்றது. சர்க்கார் தலையிட்டு, ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய் வீதம் விற்க ஏற்பாடு செய்யும்படி நேர்ந்தது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்று பழகிய ஜனங்கள் தக்காளிக்கும் நின்றார்கள். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2020 மே மாதத்தில், கொரோனா நோய் பரவியதன் காரணமாகக் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, காய்கறிக்காகப் பட்டணவாசிகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு சந்தையின் கதவை அடைத்தால் ஒரு மகாநகரத்தின் குழம்புச் சட்டி தத்தளிக்கும் என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

இத்தகைய சமயங்களில் நாம் செய்வது யாது? பத்திரிகைகள் தலையங்கம் எழுதுகின்றன. கட்சிகள் கண்டனக் கூட்டம் போடுகின்றன. தரகர்களைத் திட்டுகிறோம், மந்திரிகளைத் திட்டுகிறோம், மழையையும் திட்டுகிறோம். இவற்றில் நியாயமில்லை என்று நாம் சொல்லவில்லை. விளைவித்தவன் கையில் சொற்பமும், வாங்குகிறவன் தலையில் பாரமுமாக விலை ஏறுகிற விந்தையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் இரண்டு மணி நேரம் சுதேசியம் பேசிவிட்டு வீடு திரும்புகிற பிரசங்கி, மறுநாள் காலை நாலு பச்சை மிளகாய்க்கும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் கடைக்குப் பையனை அனுப்புகிறார் என்பதையும் கூடவே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் வீட்டுக் கொல்லையில் வெயில் காய்கிறது. மொட்டை மாடியில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. அதைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு கணக்கு. ஆள் ஒன்றுக்குத் தினம் 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஒன்றரைக் கிலோவுக்கு மேலாகிறது. இருபது தொட்டிகள் வைத்த மாடி இதைத் தினந்தோறும் கொடுக்கும் என்று எவராவது சொன்னால் நேயர்கள் நம்ப வேண்டாம். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி உற்சாகமாய் எழுதுகிறவர்களில் அநேகர் இந்த இடத்தில்தான் ஜனங்களை ஏமாற்றிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் தொட்டிகள் காலியாகக் கிடப்பதற்கும் இதுவே காரணம். தோட்டம் தரக்கூடியது வேறு. கீரை, மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, வாரத்தில் இரண்டு நாளைக்கு வெண்டையோ கத்தரியோ: இவ்வளவுதான். ஆனால் சீக்கிரம் வாடுவதும், பறித்த நேரத்திலேயே ருசியும் சத்தும் நிறைந்திருப்பதும், எந்தத் தண்ணீரில் வளர்ந்ததென்றும் என்ன மருந்து தெளிக்கப்பட்டதென்றும் வாங்குகிறவனால் அறியவே முடியாததும் இந்தச் சாமான்களே அல்லவா?

தேசங்கள் இதை நெருக்கடியில்தான் கற்றுக்கொள்ளுகின்றன. 1939-ல் யுத்தம் மூண்டதும் இங்கிலாந்தில் 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற இயக்கம் தொடங்கிற்று. பூங்காக்களும் விளையாட்டு மைதானங்களும் பாத்திகளாயின. குடிமக்கள் வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு துண்டு நிலங்களின் தொகை சுமார் 8 லட்சத்திலிருந்து 1943-ல் சுமார் 14 லட்சமாயிற்று. அதே 1943-ல், அதே சர்க்காரின் ஆளுகையில், வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தைக் கொல்லைக் கீரை தடுத்திருக்கும் என்று சொல்லும் பேதைமை நமக்கில்லை. அது ஆண்டவர்களின் குற்றம். நாடு விடுதலை பெற்றபின் கவர்னர் ஜெனரல் பதவியேற்ற ராஜாஜி, உணவு நெருக்கடியை முன்னிட்டு டில்லி மாளிகையின் நிலத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்கச் செய்தார். 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது வாசஸ்தலத்துப் புல்தரையை உழுதார். அந்தக் கோதுமையால் தேசத்தின் பசி தீரவில்லைதான். எனினும் தலைவர்கள் மண்ணில் கை வைத்தார்கள் என்ற ஒரு செய்திக்கு இருக்கும் வலிமை நூறு சுற்றறிக்கைகளுக்கு இல்லை.

நிற்க. புதிதாய்த் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் பிசகு, வெயிலைப் பார்க்காமல் தொட்டியை வாங்கிவிடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டைச் சுற்றிக் கவனியுங்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். கீரைகளுக்கு நாலு மணி போதும். புதினாவும் வல்லாரையும் கற்பூரவல்லியும் அரைநிழலிலேயே செழிக்கும். வெயிலே எட்டாத அடுக்கு மாடி வீட்டுக்காரர்கள் தக்காளியை மறந்துவிட்டுப் புதினாவோடு திருப்தியடைவதே மேல்.

இரண்டாவது, பாரம். ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஈரமண் நிறைந்தால் 25, 30 கிலோவுக்கு வந்துவிடும். அப்படி ஐம்பது தொட்டிகளை மாடியின் நட்டநடுவில் குவிப்பது விவேகமாகாது. சுவர் தாங்கும் ஓரங்களிலும் உத்திரத்தின் மேலும் வரிசையாய் வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, தண்ணீர் தேங்காமல் ஓடிவிட வழி செய்ய வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்போர் வீட்டுக்காரருடைய சம்மதத்தை ஒரு கடிதத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நலம். தளம் ஒழுகிய வழக்குகளில் இரண்டு பக்கமும் எப்படிப் பேசுவார்கள் என்பதை வக்கீல் தொழிலில் நாம் போதுமான அளவு கேட்டிருக்கிறோம்.

மண் விஷயத்தில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. தொட்டி ஒன்றுக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்குமாதலால் ஊறவைத்து இரண்டு மூன்று தரம் அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். தொட்டியின் அடித்துவாரத்தின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்துவிட்டால் மண் அடைக்காது. விலையுயர்ந்த தொட்டிகள்தாம் வேண்டுமென்பதில்லை. பழைய வாளி, உடைந்த அண்டா, அரிசிச் சாக்கு எல்லாம் உதவும். ஆனால் ரசாயனமோ பெயிண்டோ இருந்த டப்பாவில் உண்ணும் பொருளை விளைவிக்கலாகாது.

இனி விதைக்கலாம். முதலில் கீரை, கீரை, கீரை. இதை மூன்று தரம் சொல்லக் காரணமுண்டு. முதல் மாதத்திலேயே தட்டில் ஏதாவது வந்து விழுந்தாலொழியப் புதியவர்களுக்கு ஊக்கம் நிற்பதில்லை. சிறுகீரையும் முளைக்கீரையும் இருபது, இருபத்தைந்து நாளில் பிடுங்கத் தயாராகும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் பல மாதம் தழைக்கும். அரை அடி ஆழமுள்ள அகன்ற தட்டு போதும். கடுகிலும் சிறிய இந்த விதைகளை அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஒரு பிடி உலர்ந்த மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிய போர்வையாக மண் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைச் சுமந்து போய்விடாதபடி தட்டின் ஓரத்தில் சிறிது மஞ்சள்தூள் தூவுவது வழக்கம். அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தை விதைத்தாலும் அதே இருபது நாளில் வெந்தயக் கீரை கிடைக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையும் வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து முற்றின தண்டுகளைக் கணுவோடு நறுக்கி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். புதினாவும் அப்படியே. ஆனால் புதினாவுக்குத் தனித்தொட்டி கொடுங்கள். அடுத்த செடியின் இடத்தை ஆக்கிரமிப்பதில் அதற்கு இணை கிடையாது.

கொத்தமல்லியில் தோற்றவர்களே அதிகம். கடையில் விற்கும் தனியா உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்த ஓர் உருண்டை. அதைச் செருப்புக் காலாலோ கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாய் உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதைக்க வேண்டும். கோடையில் விதைத்தால் இலை தழைக்குமுன் பூத்துவிடும். ஐப்பசி முதல் மாசி வரைதான் அதற்குச் சமவெளியில் நல்ல காலம்.

மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் நாற்றுவிட்டு நடவேண்டியவை. சிறு தட்டில் விதைத்து, தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 நாளிலும், மிளகாயை 35 முதல் 40 நாளிலும் எடுத்து, தொட்டிக்கு ஒன்றாக மாலை வேளையில் நடவேண்டும். வெண்டை, அவரை, கொத்தவரை, பீர்க்கு, புடல் இவற்றைப் பிடுங்கி நட்டால் பொறுக்கமாட்டா. நிலையான இடத்திலேயே விதைத்துவிட வேண்டும். வெண்டை 45 நாளில் முதற்காய் தரும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் அசந்தால் முற்றிவிடும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது ஏரிப் பாசனக்காரனுக்கு மட்டுமன்று, மாடித் தோட்டக்காரனுக்கும் சொன்னதே. ஆடியை விட்டால் தை. சித்திரை, வைகாசியில் புதிதாய்த் தொடங்குகிறவர்கள் வெயிலோடு மல்லுக்கட்டித் தோற்பார்கள்.

முட்டைக்கோசும் காரட்டும் பீன்ஸும் படத்தில் அழகாயிருக்கின்றன என்பதற்காகச் சென்னையிலும் மதுரையிலும் அவற்றை விதைத்து ஏங்குவோரைப் பார்க்கிறோம். நமது பாட்டிமார் காய்களை 'நாட்டுக்காய்' என்றும் 'இங்கிலீஷ் காய்' என்றும் பிரித்தார்கள்; சிராத்தத்தன்று பின்னதை அடுக்களையில் அனுமதிப்பதில்லை. இங்கிலீஷ் காயின் மேல் நமக்குத் துவேஷமில்லை. நாம் சுதேசியென்று எண்ணும் மிளகாயே அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் மூலம் வந்து சேர்ந்ததுதான். ஆனால் நீலகிரியின் குளிரை மாடிக்குக் கொண்டுவர இயலாது. சமவெளியிலிருப்பவர்கள் கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, பீர்க்கு, பாகல் என்ற பழைய வரிசையைத் தழுவுவதே புத்திசாலித்தனம்.

கொடிவகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தல் போட்டு, பீர்க்கோ பாகலோ ஏற்றி, மஞ்சள் பூக்களைக் கண்டு பூரித்தவர்கள், அவை ஒரு பிஞ்சும் இறங்காமல் உதிரவே மனமுடைந்துவிடுகிறார்கள். முதலில் மலர்பவை ஆண் பூக்கள், உதிர்வது இயல்பு. சில நாள் கழித்து, அடியில் சிறு பிஞ்சோடு கூடிய பெண் பூக்கள் வரும். தேனீ எட்டிப்பாராத உயர்ந்த மாடிகளில் அந்தப் பிஞ்சுகளும் வெம்பிப்போகும். அப்போது ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். பூசணி, பாகலுக்கு இதைக் காலையிலும், மாலையில் மலரும் பீர்க்குக்கு அந்தி வேளையிலும் செய்வது முறை. ஒரு துவரை அளவு செலவில்லாத இந்த வேலையால் பந்தல் முழுதும் காய் தொங்கும்.

செடிகள் தாகத்தால் சாவதைவிட வெள்ளத்தால் சாவதே அதிகம். விரலை மண்ணில் ஓரங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். அரிசி களைந்த நீர் உத்தமம். சோப்புக் கலந்த நீரும், வீட்டுச் சுத்திகரிப்பு யந்திரம் கழித்துத் தள்ளுகிற உப்பேறிய நீரும் ஆகாது. வண்டுக்கும் பூச்சிக்கும் கடை மருந்தைத் தேடி ஓடாதீர்கள். அந்த விஷத்துக்குப் பயந்துதானே தோட்டம் போட்டது? அசுவினியும் மாவுப்பூச்சியும் கண்டால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் அது கரையச் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது; அதைக் கிள்ளி நசுக்கிவிட வேண்டும். வெண்டை இலை நரம்புகள் மஞ்சளாகிவிட்டால் மருந்தே கிடையாது. வெள்ளை ஈ அந்நோயை மற்றச் செடிகளுக்குக் கொண்டுபோகுமுன் செடியைப் பிடுங்கிவிடுவதே வழி.

இப்போது, இந்த விஷயத்தில் நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமாய்ப் படுவதற்கு வருகிறோம். அது விதை. கடையில் கவர்ச்சியான படத்தோடு விற்கும் பொட்டலங்களை எடுத்து, அதில் 'எஃப்1' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒட்டு வீரிய விதை. விளைச்சல் நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் பலிக்காது. ஒவ்வொரு பட்டத்துக்கும் திரும்பக் கடைக்கே போகவேண்டும். பல தலைமுறைகளாக வீட்டுக் கூரையின் கீழ், சாம்பலில் புரட்டிய சுரைக்குடுக்கைக்குள் இருந்த சொத்து இவ்விதம் வருஷாந்தரக் கப்பமாக மாறிவிட்டது. நாட்டு ரகங்களில் இந்தத் தொல்லையில்லை. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய ரகங்கள் உயிரோடிருப்பது விதையைக் கைவிடாத குடியானவர்களால்தான். மரபணு மாற்றிய கத்தரியைப் புகுத்தும் முயற்சி எழுந்தபோது, 2010 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அதை நிறுத்திவைத்ததும் நாடெங்கும் ஜனங்கள் எதிர்த்துப் பேசியதனாலேயே.

சட்டமும் இங்கே ஜனங்களின் பக்கம் இருக்கிறது. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விளைவித்த விதையைச் சேமிக்கவும், திரும்ப விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், கம்பெனி முத்திரையின்றி விற்கவும் உழவருக்கு உரிமை கொடுக்கிறது. 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது ஓர் அந்நியக் கம்பெனி வழக்குத் தொடுத்து, எதிர்ப்புக் கிளம்பவே வாபஸ் வாங்கிக்கொண்டதை நேயர்கள் அறிவார்கள். இந்த உரிமை காகிதத்திலிருந்து பிரயோஜனமில்லை. உபயோகிக்க ஆளிருந்தால்தான் உரிமை உரிமையாகும். பறித்தது போக மிஞ்சிய சோனிக் காயையன்று, செடியின் முதல் தரமான காயையே விதைக்கு விடுங்கள். கத்தரி மஞ்சளாய்ப் பழுக்கட்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கட்டும். தக்காளி விதையை அதன் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் வழுவழுப்பு நீங்கிவிடும். நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். மாதர் சங்கம், வாலிபர் சங்கம், வாசகசாலை என்று எத்தனையோ இருக்கின்றன. ஆடி பிறக்குமுன் ஒவ்வொன்றிலும் ஒரு மாலை விதை மாற்றிக்கொள்ளும் கூட்டம் நடத்தினால் என்ன?

மூலிகைகளைப் பற்றியும் கேட்பார்கள். துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, பிரண்டை இவற்றுக்கு அதிகப் பராமரிப்பு வேண்டியதில்லை. சளிக்குக் கஷாயமும், நாவுக்குத் துவையலும் கிடைக்கும். ஆனால் தொட்டியில் நாலு மூலிகை முளைத்தவுடன் வீட்டுக்காரர் வைத்தியராகிவிடக் கூடாது. நீரிழிவையும் மஞ்சள் காமாலையையும் இலையால் தீர்க்கிறேன் என்று டாக்டரிடம் போகத் தாமதிப்பது உயிருக்கு ஆபத்து. கீரையைப் பற்றியும் இதே எச்சரிக்கை. 2019-21-ஆம் வருஷத்துத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளில் 53 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். கீரையிலுள்ள இரும்பை உடல் சிறிதளவே கிரகிக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கொஞ்சம் கூடுகிறது. மாத்திரை வேண்டியவர்களுக்கு மாத்திரையே வேண்டும். கீரை அதற்குத் துணை.

ஸ்திரீகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டுத் தோட்டம் என்றவுடன் நமது ஆண்மக்கள் உற்சாகமாய்த் தொட்டி வாங்கி வருகிறார்கள்; புகைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரம் சென்றபின் தண்ணீர் ஊற்றுவது யார்? சமையலும் துணியும் குழந்தைகளும் போதாதென்று மாடிக்குக் குடம் சுமக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. கடைசியில் பந்தியில் கடைசியாய் உட்காருகிறவருக்கு அந்தக் கீரையும் மிஞ்சுவதில்லை. இப்படி நடக்கும் வீட்டில் தோட்டம் இல்லாமலிருப்பதே உத்தமம். காலையில் பத்திரிகையைப் பிரிக்குமுன் பதினைந்து நிமிஷம், தண்ணீரும் களையும் பூச்சியும் ஆணின் பொறுப்பு என்று நமது நேயர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவு நேரம் நமது தலையங்கம் காத்திருக்கும்.

அடுக்களைக் கழிவையும் வீணாக்க வேண்டாம். பக்கங்களில் துளையிட்ட பழைய வாளியில் ஒரு பங்கு காய்த்தோலும் இரண்டு பங்கு காய்ந்த சருகுமாக மாற்றி மாற்றி அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு, மூன்று மாதத்தில் கரிய எரு கிடைக்கும். நாற்றமடித்தால் சருகு குறைவென்று பொருள்.

இந்த வாரமே ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கீரைத் தட்டு, ஒரு புதினாத் தொட்டி, இரண்டு வெண்டைத் தொட்டி போதும். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்துத் தொட்டிக்கு இரண்டாக, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் வலுவானதை வைத்து மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கீரை மூன்று நாலு நாளில் தலைகாட்டும். வெண்டைக்கு ஐந்தாறு நாளாகும். கொத்தமல்லிக்கோ பத்து, பதினைந்து நாளும் செல்லலாம்; அதற்குள் விதை பொய்த்துவிட்டதென்று தொட்டியைக் கிளறிப் பார்த்துவிடாதீர்கள்.